படைவீரர் பெயர் தாங்கிய பீங்கான் சாடிகள்

ஜெர்மன் மொழியில் 'ஸ்டைன்' என்றால் கல். பீர் அருந்தும் மூடியிட்ட சாடிக்கு இச்சொல்லை வழங்குவோர் ஆங்கிலம் பேசுவோரே ஆவர். ஜெர்மானியர் அதனைப் பெரும்பாலும் 'குரூக்' என்றே அழைக்கின்றனர். கல்போல் இறுகிய மட்பாண்டத்திற்குப் பொருந்திய பெயர், பின்னர் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பரவிற்று. ஆகவே 'பீங்கான் ஸ்டைன்' என்பது சொல்நோக்கில் முரண்பட்ட பெயர்தான். எனினும் பழஞ்சாடி சேகரிப்போரிடையே அது நிலைத்துவிட்டது.

கிழக்காசியர் மட்டுமே அறிந்திருந்த கடும்பீங்கான் செய்முறையை ஐரோப்பாவில் கைவரப்பெற்றது சாக்சனி நாடு. அங்குள்ள மைசென் நகரில் 1710-ஆம் ஆண்டு பீங்கான் ஆலை தொடங்கிற்று. கயோலின் என்னும் வெண்களிமண்ணே அதன் உயிர். கற்பாண்டம் ஒளியை மறைக்கும். மெல்லிய பீங்கானோ ஒளியை ஊடுருவ விடும். இந்த ஒரு வேறுபாடே பிற்காலத்தில் ஒரு புதுமைக்கு வழி வகுத்தது.

1827-இல் பிரான்சு நாட்டில் தோன்றிய 'லித்தோபேன்' என்னும் முறையே அப்புதுமை. மெழுகில் செதுக்கிய ஓவியத்தைக் கொண்டு அச்சு செய்து, அதில் பீங்கான் தகட்டை வார்ப்பார்கள். தகடு மெலிந்த இடம் வெளிச்சமாகவும் தடித்த இடம் நிழலாகவும் தோன்றும். மேலோட்டமாகப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகிய வெள்ளைத் தகடே. விளக்கின் எதிரே பிடித்தாலோ முழு ஓவியம்! ஜெர்மானியர் இதனைச் சாடியின் அடித்தட்டில் அமைத்தனர். பீர் தீர்ந்த பின் சாடியை ஒளிக்கு உயர்த்தினால், காதலியிடம் விடைபெறும் வீரன் உள்ளே தெரிவான்.

இத்தகைய சாடிகளுள் சேகரிப்போர் பெரிதும் நாடுவன, ஏறத்தாழ 1890 முதல் 1914 வரை படைப்பணி முடித்த இளைஞர் தம் பணத்தில் வாங்கிய நினைவுச் சாடிகளாகும். அரை லிட்டர் கொள்ளும் அச்சாடியில் வீரனின் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஊர், பணியாண்டுகள் யாவும் எழுதப்பட்டிருக்கும். கைப்பிடியின் இருமருங்கும் உடன் பணியாற்றிய தோழர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். வெள்ளீயக் கலவையால் ஆன மூடியின் உச்சியில், காலாட்படையாயின் வீரனும் குதிரைப்படையாயின் குதிரைவீரனும் வீற்றிருப்பர். கட்டைவிரலால் அழுத்தும் பிடியில் பிரஷ்யாவுக்குக் கழுகும் பவேரியாவுக்குச் சிங்கமும் காணலாம். கல்வெட்டைப் படிப்பதுபோல் இச்சாடியைப் படித்தறிய வேண்டும். அழகை மட்டும் கண்டு வாங்குவோர் ஏமாறுவது உறுதி.

ஏனெனில் 1960-களுக்குப் பின் போலிகள் மிகுந்துவிட்டன. அடித்தட்டில் ஆடையற்ற பெண்ணுருவம் தெரிந்தால் அது பிற்காலப் பொருளே என்று அனுபவமுள்ளோர் உடனே ஒதுக்கிவிடுவர். 'மேற்கு ஜெர்மனி' என்ற முத்திரை இருப்பின், அது 1949-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. இவற்றினும் நுட்பமான சான்று ஒன்றுண்டு. 1893 முதல் காலாட்படையினரின் கட்டாயப் பணி இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. குதிரைப்படையினருக்கு மூன்றாண்டே நீடித்தது. காலாட்படைச் சாடியில் 1905 முதல் 1908 வரை என்று எழுதியிருந்தால் ஐயுறல் வேண்டும். போலி செய்வோர் வண்ணத்தைக் கவனிப்பர். வரலாற்றை அவ்வளவு கவனிப்பதில்லை.

மெய்யான சாடியில் உள்ள பெயர்கள் மெய்யான மனிதருடையவை. 1912-இலோ 1913-இலோ பணி முடித்து, சாடியுடன் வீடு திரும்பியவர்களை 1914 ஆகஸ்டில் படை மீண்டும் அழைத்துக்கொண்டது. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் பெயர்களை ஜெர்மன் அரசு 1914 முதல் 1919 வரை பட்டியல்களாக வெளியிட்டது. சேகரிப்போர் சிலர், சாடியின் கைப்பிடியருகே உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக அப்பட்டியல்களில் தேடிப் பார்க்கின்றனர்.