ஒற்றை ஜீப்பில் வத்தல்மலைக்கு

மலைக்குப் போவதென்றால் கூட்டமாகப் போவதுதான் நம் வழக்கம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்களைப் பாருங்கள். ஒரு வேனில் மூன்று குடும்பம், இரண்டு அண்டா, ஜமக்காளம், ஒரு கட்டு வாழையிலை! வேன் வழியில் நின்றுவிட்டாலும் கவலையில்லை. தள்ளுவதற்கு இருபது கைகள் இருக்கின்றன.

இப்போது வேறொரு ஆசை பரவியிருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கிற ஜீப் ஒன்றைச் சம்பாதித்து, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலை இல்லாத இடமாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது. துணைக்கு இன்னொரு வண்டி கிடையாது. எனக்கும் இந்த வியாதி உண்டு. ஆகவே ஊருக்கு உபதேசமாக அல்ல, பட்டவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது வத்தல்மலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடக்கே, மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். பெரியூர், பால்சிலம்பு, சின்னங்காடு என்று மலைமேல் சிற்றூர்கள். மலையாளி என்ற பழங்குடி மக்கள் அங்கே சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். காப்பியும் மிளகும் பயிராகின்றன. அடிவாரத்திலிருந்து இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். இன்று தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் அது பழைய சமாசாரம் அல்ல. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் பல வருஷங்கள் மேலேயிருந்து ஒரு நோயாளியைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் மனிதர் தோள்தான் வாகனம். சாலைக்கு அப்பால், தோட்டங்களுக்கும் தனித்தனி வீடுகளுக்கும் போகிற மண்பாதைகள் இன்னும் இருக்கின்றன. என் போன்றவர்களின் கண் அந்தப் பாதைகள் மேல்தான்.

சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிறு. தார்ச்சாலையை விட்டுக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதையில் ஜீப்பை இறக்கினேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. தருமபுரிப் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற தைரியம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கவும் வழுக்கும் என்பது, வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஓரத்து வாய்க்காலில் இறங்கிய பிறகுதான் புரிந்தது. வண்டி பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

என்னிடம் அருமையான கயிறு ஒன்று இருந்தது. ஆனால் கயிற்றுக்கு மறுமுனை ஒன்று வேண்டுமே! கட்டி இழுக்க இன்னொரு வண்டி இல்லை. காப்பிச் செடியில் கட்டினால் செடிதான் வரும்.

கால் மணி நேரத்தில் மேலேயிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதில் ஏழெட்டுப் பேர். நடுவில் ஒரு தாய்; மடியில் காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பாதை ஒரு வண்டி அகலம்தான். அந்த ஒரு வண்டி என் ஜீப். அந்த அம்மாள் எங்களை ஒரு சொல் ஏசவில்லை. சேற்றில் இறங்கி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, என் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கீழே ஒருவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனார். குழந்தை மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டது என்று பிறகு விசாரித்து அறிந்தேன். அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மற்றவர்கள் மண்வெட்டி கொண்டுவந்து, கல் அடுக்கி, முக்கால் மணி நேரம் பாடுபட்டு ஜீப்பைத் தூக்கிவிட்டார்கள். பணம் நீட்டினேன். ஒரு பெரியவர் வாங்க மறுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, எங்களுக்கு வேற வழி இல்லீங்க, இதுல வர்றோம். உங்களுக்குத்தான் அங்க நல்ல ரோடு இருக்குதே. நீங்க எதுக்குங்க இதுல வர்றீங்க?"

கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீடு வந்ததும் என் சகதர்மிணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மறுபடியும் போவீங்கன்னு எனக்குத் தெரியும். போறதுன்னா கணக்குப் போட்டுட்டுப் போவோம்" என்றாள்.

அந்தக் கணக்கைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல வந்தேன். நான் எப்போதும் காலையிலிருந்து திட்டம் போடுவேன்: ஆறு மணிக்குப் புறப்பாடு, எட்டு மணிக்கு இட்லி, இப்படி. அவள் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிப் போட்டாள். ஜனவரியில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைகிறது; மலைச்சரிவில் அதற்கு முன்பே இருட்டும். ஆகவே ஐந்து மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அதற்கு நான்கு மணிக்குத் தார்ச்சாலையைத் தொட்டாக வேண்டும். மண்பாதையில் திரும்பிவர ஒரு மணி நேரம். ஒரு பஞ்சருக்கோ சேற்றுக்கோ ஒன்றரை மணி நேரம் ஒதுக்கு. ஆக, எங்கே இருந்தாலும், எவ்வளவு அருகில் போயிருந்தாலும், ஒன்றரை மணிக்கு வண்டி திரும்பியாக வேண்டும். "அந்த நேரத்தைச் சொல்றது நான். நீங்க ஓட்டுறவர், உங்களுக்கு ஆசை கண்ணை மறைக்கும்" என்றாள். ஆட்சேபிக்க இடமில்லை.

அடுத்தது, எங்கே போகக்கூடாது என்பது. இந்த ஜில்லாவில் மலையும் காடும் பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதியின்றி நுழைந்தால் 1882-ஆம் வருஷத்துக் காட்டுச் சட்டம் இன்றும் பிடிக்கும். பென்னாகரத்துக்கு மேற்கே காவிரிக் கரையோரக் காடுகள் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயின. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலுமாக ஐந்நூறு சதுர கிலோமீட்டர். அங்கே யானைக்குத்தான் வழி விட வேண்டும். யானையிடம் ஹாரன் அடித்துப் பயனில்லை. தேனி ஜில்லா குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவே சூடேறிய சைலன்சரோடு வண்டியை நிறுத்துவதும் அந்த ஜாதி விளையாட்டுத்தான்.

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு ஓட்டுப் பெட்டி கழுதை மேல் போவதைப் பத்திரிகையில் படத்தோடு பார்த்திருப்பீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் மின்னணு இயந்திரம் அப்படித்தான் போயிற்று. "அங்கே நம் ஜீப் ஏறுமா?" என்று என்னை ஒரு நண்பர் கேட்டார். கழுதை ஏறுகிற இடத்தில் ஜீப்பை ஏற்றிக் காட்டி யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறோம் என்று கேட்டேன். சென்ற அக்டோபருக்கு முன்னால் இந்தப் பதிலை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

சாமான் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. ஜாக்கி மண்ணில் அமிழாமல் இருக்க ஒரு பலகை. கைமண்வெட்டி. மரத்தில் கட்டி இழுக்கிற கைவிஞ்ச் ஒன்று, மரம் நோகாதபடி அகலப் பட்டையோடு. தளர்ந்த மண்ணில் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து நன்றாகப் பிடிக்கும்; ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடிக்கப் பம்பு வேண்டும். இறக்கத்தில் முதல் கியர். பிரேக்கையே நம்பினால் அது சூடேறிக் கைவிடும். தண்ணீர் நிறைய, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, புளிச்சோறு, தயிர்ச்சோறு. செல்போனில் வரைபடம் இருக்கட்டும். மலை மடிப்புக்குள் சிக்னல் இருக்கும் என்று மட்டும் எண்ணாதீர்கள். 2008 முதல் தமிழ்நாடெங்கும் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதைக் கூப்பிடச் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று ஏறும்போதே குறித்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கீழே ஒரு மனிதர். என் மைத்துனரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்தோம். ஆறு மணிக்குள் நாங்கள் பேசாவிட்டால் அவர் ஆள் தேடிப் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு.

பொங்கல் கழிந்து வானம் வெளுத்திருந்த ஒரு நாள் கிளம்பினோம். மனைவி, ஒன்பது வயதுப் பெண், என் தாயார், நான். மண்பாதை தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு முதலில் நடந்து பார்த்தோம். அந்தப் பெரியவர் எதிரே வந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"இன்னிக்குப் போலாங்க. ஆனா மேல ஒரு பாறை இருக்குது, அங்க மெதுவாப் போங்க. பால் வண்டி போயிட்டுது. இனிச் சாயந்தரம்தான் ஏதாச்சும் வரும்."

பாறையைத் தாண்ட எதிர்பார்த்ததற்கு இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சக்கரமாக வைத்து, மனைவி முன்னால் நின்று கை காட்ட, அம்மா முருகனைக் கூப்பிட, ஏறினோம். மேலே பாதை நல்ல பாதை. திருப்பத்துக்கு அப்பால் மலைமுனை தெரிந்தது. அங்கிருந்து தருமபுரிச் சமவெளி முழுவதும் தெரியும் என்று குழந்தைக்கு ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

"என்னங்க, ஒன்றரை ஆச்சு."

"அரைக் கிலோமீட்டர்தான்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். குழந்தை அழுதாள். எனக்கே அழலாம் போலிருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

பாதி வழியில் பின்சக்கரம் ஒன்று உஸ்ஸென்று இறங்கியது. டயர் கெட்டாலும் கெடட்டும் என்று மெள்ள உருட்டிக்கொண்டு போய், பாதை அகன்ற இடத்தில் ஒதுக்கி நிறுத்தின பிறகுதான் ஜாக்கியை எடுத்தேன். பலகையைப் பார்த்து முன்பு சிரித்தவன் நான். நாற்பது நிமிஷம். நாங்கள் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிக்கப் வண்டி, காப்பி மூட்டைகளோடு, எங்களைத் தாண்டிப் போயிற்று. ஓட்டுநர் கை அசைத்தார்.

நாலேகாலுக்குத் தார்ச்சாலை. பம்பு அடித்துவிட்டு, குழந்தை வாங்கச் சொன்ன மிளகுக் கொத்தோடு, ஐந்தேகாலுக்கு அடிவாரம் வந்து மைத்துனருக்குப் பேசினேன்.

"வந்துட்டீங்களா? மலைமுனையில் நின்று பார்த்தீங்களா, எப்படி இருந்தது?" என்றார்.

"பார்க்கவில்லை" என்றேன்.

பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.