ஜெட் விமானம் வாங்கலாம். கட்டித் தீனி போட முடியுமா?

ஹனூர்: கொள்ளேகாலத்திலிருந்து மேட்டூருக்குப் பஸ் ஏறும் தமிழர்களுக்கு ஹனூரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரைத் தாண்டித்தான் மாதேஸ்வரன் மலை, பாலாறு, அப்புறம் தமிழ்நாட்டு எல்லை. ஒரு காலத்தில் மைசூர் மாவட்டத்தோடு இருந்த இந்தப் பகுதி 1997-ல் பிரிந்து சாம்ராஜ்நகர் மாவட்டமாயிற்று. அந்த மாவட்டத்துப் போகாபுரா கிராமத்தின் வெட்டவெளியில் 2023 ஜூன் 1-ந் தேதி ஒரு ஜெட் விமானம் விழுந்து நொறுங்கியது.

வழக்கமான பயிற்சிக்காகப் பறந்த விமானப்படையின் 'கிரண்' விமானம் அது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பாராசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி! விசையை இழுத்தால் வெடிமருந்தின் வேகத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை அது. அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

கிரண் நம் பெங்களூர்ச் சரக்கு. எச்.ஏ.எல். தொழிற்சாலையில் டாக்டர் காட்கே தலைமையில் உருவானது. 1964 செப்டம்பர் 4-ந் தேதி இதை முதன்முதலாக வானில் ஏற்றியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இன்று எச்.ஏ.எல். பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் கடக்கும் சுரஞ்சன் தாஸ் சாலை அவர் பெயரில் உள்ளதுதான். 1970-ல் மாருத் போர் விமானத்தைச் சோதித்தபோது விபத்தில் அவர் உயிரிழந்தார்.

இத்தகைய பயிற்சி ஜெட்டுகளை, படையில் ஓய்வு கொடுத்த பிறகு, தனி மனிதர்கள் விலைக்கு வாங்கி வீட்டுக் கார் போல வைத்துக்கொள்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம் நாட்டில் அல்ல, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்.

விலை அல்ல பிரச்னை

கிரணுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று பிரிட்டனின் 'ஜெட் ப்ராவஸ்ட்' விமானத்தைச் சொல்லலாம். இரண்டிலும் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்வார்கள். ஆரம்ப காலக் கிரணுக்கும் அதற்கும் ஒரே குடும்பத்து 'வைப்பர்' எஞ்சின். இலங்கை விமானப்படையும் 1959-லிருந்து இதில் 12 விமானங்களை வாங்கியிருந்தது. 1993-ல் பிரிட்டிஷ் விமானப்படை இதற்கு முழு ஓய்வு கொடுத்தபோது பல விமானங்கள் தனியார் கைக்குப் போயின. அமெரிக்காவிலோ, செக்கோஸ்லோவாகியாவில் தயாரான 'எல்-39' விமானத்துக்குத்தான் மவுசு. சோவியத் யூனியன் உடைந்த பின் அவை அங்கே குவிந்தன. இரண்டு முதல் நான்கு லட்சம் டாலருக்குள் ஒன்று கிடைப்பதுண்டு. ஜெட் விமானம் என்ற பெயருக்கு இது மலிவுதான்.

வாங்கிய மறுநாள்தான் கணக்கு தொடங்குகிறது. எல்-39 ஒரு மணி நேரம் பறந்தால் ஏறக்குறைய 500 லிட்டர் எரிபொருள் காலி. இது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 45,000 ரூபாய். ஒரு குமாஸ்தா குடும்பத்தின் இரண்டு மாதச் செலவு ஒரு மணி நேரத்தில் புகையாகிறது!

சரி, பறக்காமல் கொட்டகையிலேயே நிறுத்தினால் மிச்சமா? அதுவும் இல்லை. ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும், எண்ணெய் கசியும், எஞ்சினில் துரு ஏறும். எஞ்சின் இத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்துப் பார்த்தே தீரவேண்டும் என்று கணக்கு உண்டு. அந்த வேலை தெரிந்த கை கிடைப்பதும் அரிது. தயாரித்த கம்பெனியே உதிரி பாகம் செய்வதை நிறுத்தியிருக்கும். இன்னொரு பழைய விமானத்தை வாங்கிப் பிரித்து இதற்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், ஜெட் ஓட்டத் தனிப் பயிற்சி எல்லாம் இதற்கு மேல்.

நாற்காலியிலும் சிக்கனம்

அந்த நாற்காலிக்கு வருவோம். அதன் வெடிமருந்துக் குப்பிகளுக்கு மருந்துக் கடை மாத்திரை போலக் காலாவதித் தேதி உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் தேதி வந்தால் மாற்ற வேண்டும். விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். அதனால் அமெரிக்காவில் பல சொந்தக்காரர்கள் குப்பிகளை எடுத்துவிட்டு, அதைச் சாதாரண நாற்காலியாக்கிப் பறக்கிறார்கள். போகாபுராவில் இரண்டு உயிரைக் காத்த பொருள் அங்கே வீண் செலவாகத் தெரிகிறது. எஞ்சின் நின்றால் அவர்களுக்குச் சமதரை ஒன்று கண்ணில் படவேண்டும். இது துணிச்சலா, அசட்டுத்தனமா என்பது அவரவர் குடும்பத்தார் சொல்ல வேண்டியது.

கீழே இருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் விமானம் வாங்கவில்லை, ஆசைப்படவும் இல்லை. 2015 ஆகஸ்ட் 22-ந் தேதி இங்கிலாந்தின் ஷோர்ஹாம் நகரில் நடந்த வான் சாகசக் காட்சியில், 1955-ல் தயாரான 'ஹண்டர்' இரட்டை இருக்கைப் பயிற்சி ஜெட் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்தது. தனியார் வசம் இருந்த விமானம் அது. சாலையில் போனவர்களும் ஓரத்தில் நின்றவர்களுமாக 11 பேர் இறந்தனர். விமானி பிழைத்தார். உடனே பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், பழைய ஜெட்டுகள் தரைக்கு மேலே குட்டிக்கரணம் போடத் தடை விதித்தது. அதற்குப் பிறகு வந்த விதிகளால் காட்சி நடத்துகிறவர்களின் செலவும் கூடியது.

இந்தியாவில் ஒருவர் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஓய்வுபெற்ற கிரணைப் பதிவு செய்து பறப்பது நடக்காத காரியம். தனியார் விமானத்துக்குச் சிவில் விமானத் துறையின் தகுதிச் சான்று வேண்டும். படைக்காகவே பிறந்த கிரணுக்குக் கிடைத்தது ராணுவச் சான்று. ஓய்வுபெற்ற விமானங்களில் சில, கல்வி நிறுவனங்களுக்கும் பொது இடங்களுக்கும் காட்சிப் பொருளாகத் தரப்படுகின்றன. ஆபத்தான பொருள்களை எடுத்துவிட்டு, இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தியதற்கும் வெயிலும் மழையும் பார்த்து வர்ணம் அடிக்கும் செலவு ஓயாது.

பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒரு கிரண் நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம்.