மேஜை மேல ஒரு லேசர்: 10 விநாடியில் பேர் வெட்டும் ‘கால்வோ’ மெஷின் வாங்கப் போறீங்களா?

பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினால், பில் போடுவதற்கு முன் வரும் கேள்வி, “பேர் வெட்டணுமா?” கடையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், ‘டர்ர்ர்’ என்று அதிரும் கருவியைப் பேனா போலப் பிடித்து, புள்ளி புள்ளியாகப் பேரும் தேதியும் போட்டுத் தருவார். சீர்வரிசைப் பாத்திரம் என்றால் தாய்மாமன் பேர் வரை ஏறும். அந்தக் கையெழுத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. ஆனால் 200 டம்ளரில் ஒரே லோகோ வேண்டும் என்று ஆர்டர் வந்தால் எந்தக் கையும் தாங்காது.

அந்த இடத்துக்குத்தான் மேஜை மேல் வைக்கும் அளவிலான கால்வோ லேசர் மெஷின்கள் வந்திருக்கின்றன. ரிட்டர்ன் கிஃப்ட், கீசெயின், பேனா, ஆபீஸ் டேக் என்று வார இறுதியில் சின்னதாக ஒரு தொழில் தொடங்க நினைப்பவர்களின் கண்ணில் இவை அடிக்கடி படுகின்றன. ரீல்ஸைப் பார்த்தால் ரொம்ப சுலபம்: பெட்டியைத் திற, ஒயரைச் சொருகு, பட்டனைத் தட்டு. அந்த 30 விநாடியில் காட்டாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

ஆடுவது கண்ணாடி மட்டும்

சாதாரண லேசர் எங்ரேவரில், லேசர் தலையே தண்டவாளம் போன்ற சட்டத்தில் இடமும் வலமும் ஓடும். எடையுள்ள ஒரு பொருளை ஓடவைத்து, நிறுத்தி, திருப்ப வேண்டும் என்பதால் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. கால்வோவில் லேசர் இருந்த இடத்திலேயே இருக்கும். விரல் நுனி அளவுள்ள இரண்டு கண்ணாடிகள், ஆளுக்கொரு சின்ன மோட்டாரில், சில டிகிரி மட்டும் ஆடும். ஒன்று கதிரைக் குறுக்கே திருப்பும், இன்னொன்று நெடுக்கே. சுவரில் டார்ச் அடிக்கும்போது மணிக்கட்டை லேசாக அசைத்தாலே வெளிச்சம் பத்தடி தள்ளிப் போகிறதே, அதே கதைதான். அதனால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் வேகம் சர்வசாதாரணம்.

இதற்குக் கொடுக்கும் விலை, பரப்பு. கண்ணாடிகளுக்குக் கீழே உள்ள ‘எஃப்-தீட்டா’ லென்ஸ்தான் கதிரை ஒரே தளத்தில் குவிக்கிறது. பரவலாக வரும் லென்ஸுக்கு வேலைப் பரப்பு சுமார் 110 x 110 மி.மீ.தான். கதவுக்குப் பெயர்ப்பலகை செய்யும் கனவோடு வாங்கினால் ஏமாற்றமே.

எந்த லேசர், எந்தப் பொருள்?

பலர் வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அலைநீளம். 1,064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் உலோகத்துக்கு. எவர்சில்வர், பித்தளை, அனோடைஸ்டு அலுமினியம் எல்லாவற்றிலும் சூப்பராக விழும். மரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல டையோடு மரம், தோல், அட்டைக்கு. ஆனால் தெளிந்த அக்ரிலிக்குக்குள் கதிர் அப்படியே ஊடுருவிப் போய்விடும். கண்ணாடியும் அக்ரிலிக்கும்தான் முக்கிய வேலை என்றால் 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர். சில சிறிய மெஷின்களில் நீலமும் அகச்சிவப்பும் சேர்ந்தே வருகின்றன. ‘மோபா’ வகை ஃபைபர் லேசரில் துடிப்பின் அகலத்தையும் மாற்றலாம் என்பதால், எவர்சில்வரில் நிறம் வரவழைப்பது எளிதாகிறது.

இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதும் அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் தங்க நகை என்று விற்க 6 இலக்க எழுத்தெண் குறியீடு கட்டாயம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அந்தப் பொடி எழுத்து லேசரின் வேலைதான்.

சுவிட்ச் போடுவதற்கு முன் கண்ணைப் பற்றி

வகுப்பில் பாடம் எடுக்கப் பயன்படும் லேசர் பாயின்டர் 1 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். 20 வாட் ஃபைபர் லேசர் அதைப்போல 20,000 மடங்கு. அதுவும் சராசரிக் கணக்கில்தான். ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரமே இருப்பதால், அந்தக் கணத்தில் அதன் சக்தி கிலோவாட் கணக்கில் ஏறும்.

பெரிய ஆபத்து, 1,064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பது. வெளிச்சம் கூசினால் இமை தானாக மூடும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. கண்ணின் லென்ஸ் அந்தக் கதிரை அழகாகக் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியில் இறக்கிவிடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. சுட்டது தெரியாமலே சுட்டுவிடும், அந்த இடத்துப் பார்வை திரும்பவும் வராது.

இதில் எவர்சில்வர் டம்ளர் இன்னும் மோசம். வளைந்து பளபளக்கும் அதன் பக்கவாட்டில் பட்டு, கதிர் எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. மெஷினை இயக்குபவர் தப்பித்து, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தை மாட்டிக்கொள்ளலாம்.

அதனால் முழுதாக மூடிய, மூடியைத் திறந்தால் தானாக லேசர் நின்றுவிடும் பெட்டியோடு வரும் மெஷினே வீட்டுக்கு ஏற்றது. கூடுதல் காசு ஆனாலும் இங்கே கஞ்சத்தனம் கூடாது. திறந்த மெஷின் என்றால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அலைநீளமும் ‘ஓடி’ மதிப்பும் அச்சிட்டிருக்க வேண்டும். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். நீல லேசருக்கான கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கூலிங் கிளாஸ் எதற்கும் ஆகாது. ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: தெறிக்கும் கதிர் போன் கேமராவின் சென்சாரையும் காலி செய்யும்.

அடுத்தது புகை. ரெக்ஸின், விலை குறைந்த ‘லெதர்’ பர்ஸ் பெரும்பாலும் பிவிசி. அதைச் சுட்டால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். கஸ்டமர் கொண்டுவந்தது என்ன பொருள் என்று தெரியாவிட்டால் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவதே நல்லது. உலோகப் புகையும் மூச்சுக்கு ஆகாது. புகைக்குழாயை ஜன்னலுக்கு வெளியே விட வேண்டும்.

முதல் நாள் வேலை

விற்பவர் தரும் பென் டிரைவை உடனே நகல் எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு கண்ணாடிகள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், சதுரம் வரையச் சொன்னால் ஓரங்கள் தலையணை போல வளைந்து வரும். அதைச் சரிசெய்யும் திருத்தக் கோப்பு, அந்த மெஷினுக்கும் அந்த லென்ஸுக்கும் உரியது. ‘ஈஸிகேட்’ மென்பொருளில் இருந்து ‘லைட்பர்ன்’ போன்ற வேறொன்றுக்கு மாறினாலும் அது தேவைப்படும். பிறகு 50 மி.மீ. சதுரம் ஒன்றை அட்டையில் போட்டு, வெர்னியர் காலிப்பரில் நான்கு பக்கமும் அளக்க வேண்டும். 49.2 வந்தால், அளவீட்டைத் திருத்திவிட்டு மறுபடி ஒரு சதுரம்.

ஃபோகஸ்தான் அடுத்த சோதனை. பல மெஷின்களில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் ஒன்றாகச் சேரும் உயரமே சரியான உயரம். சில மி.மீ. விலகினாலே எழுத்து மங்கிவிடும். புது ஆட்கள் பவர் போதவில்லை என்று புலம்பும் பல நேரங்களில் தப்பு உயரத்தில்தான் இருக்கும்.

தமிழில் பேர் போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சில மென்பொருள்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப் போன்ற ஒன்றில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவந்தால் பிரச்சினை இல்லை.

மீதி எல்லாம் பவர், வேகம், அதிர்வெண், கோட்டு இடைவெளி என்ற நான்கின் விளையாட்டு. கணக்கு எளிது. 50 x 10 மி.மீ. இடத்தை 0.05 மி.மீ. இடைவெளியில் நிரப்பினால் 200 கோடுகள், மொத்தம் 10,000 மி.மீ. விநாடிக்கு 1,000 மி.மீ. வேகத்தில் 10 விநாடி. இடைவெளியைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பு. யாரோ யூடியூபில் சொன்ன எண்களை அப்படியே போடுவதைவிட, பவரையும் வேகத்தையும் மாற்றி மாற்றிச் சின்னக் கட்டங்களாக ஒரு சோதனைத் தகடு அடித்து, பொருளின் பேரை எழுதிச் சுவரில் மாட்டி வைப்பது மேல்.

எவர்சில்வரில் கறுப்பு எழுத்து வேண்டுமானால் உலோகத்தைச் சுரண்டாமல் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சூடு மிஞ்சினால், துரு பிடிக்காமல் காக்கும் குரோமியம் படலம் கெட்டு, கழுவக் கழுவ எழுத்து பழுப்பேறும். அதனால் சோறு வைக்கும் உட்பக்கத்தில் வேண்டாம், வெளிப்பக்கமே போதும்.

இதில் அழிப்பான் கிடையாது. ‘கார்த்திக்’கா ‘கார்த்திகா’வா என்பதை கஸ்டமரே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பிய பிறகே பட்டனைத் தொட வேண்டும். பொருளை அவர்களே கொடுத்திருந்தால், உதிரியாக இரண்டு டம்ளர் சேர்த்துக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.