இறக்கத்தில் வரும் ரயிலும் மலையின் சாய்வும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் மலையகப் புகையிரதப் பாதையின் உச்சி பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் இருக்கிறது. உயரம் 6,226 அடி, அதாவது 1,898 மீற்றர். அங்கிருந்து பதுளை வரை ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்துக்குள் பாதை 1,200 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறது. கமராவோ கைத்தொலைபேசியோ கையிலுள்ள எவரையும் இழுக்கும் பகுதி இதுதான். இங்கு எடுக்கப்படும் படங்களுக்குக் குறைவில்லை. நல்ல படங்களோ குறைவு. எடுக்கப்போய் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் ரயில் வந்தது. பதுளைக்கு வர மேலும் முப்பது வருடங்கள், 1924 வரை, பிடித்தன. கோப்பியையும் தேயிலையையும் இறக்கவே இது போடப்பட்டது. இயற்கைக் காட்சிக்காக அல்ல. இன்று அதனருகே கொழுந்து பறிப்பவர்கள் பலருடைய முன்னோர் அந்தத் தேயிலைக்காகவே கடல் கடந்து வந்தவர்கள்.

இனி இறக்கத்தைப் பற்றி. மேலே ஏறும் ரயில் தான் வருவதை வெகு தூரத்திலிருந்தே அறிவித்துவிடும். எஞ்சின் முழுப் பலத்தோடு உறுமும், புகை எழும். இறங்கும் ரயில் அப்படியல்ல. பாரமே அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எஞ்சினுக்கு அதிக வேலை இல்லை, பிரேக்குக்குத்தான் வேலை. வளைவுக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள், காற்று எதிர்ப்புறமாக வீசும்போது, அருகில் வரும்வரை அது காதில் விழாமலே போகலாம். சாரதி நம்மைக் கண்டு பிரேக் போட்டாலும், ஈரமான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உடனே பிடிக்காது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் பல தோட்டங்களில் பாடசாலைக்கும் கடைக்கும் போக அதுவே குறுக்குப் பாதை. நாள்தோறும் நடந்து பழகிய கால்களுக்குப் பயம் விட்டுப்போகிறது. அதைப் பார்க்கும் வெளியூர்க்காரரும் துணிந்து இறங்கிவிடுகிறார். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது இன்னும் மோசம். பாறைச் சுவரும் சுரங்க வாயிலும் பெட்டியை உரசுவதுபோல் கடந்து செல்லும் பாதை இது. 2025ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலும் இந்தப் பகுதியில் வெளிநாட்டுப் பயணிகள் ரயிலிலிருந்து விழுந்து உயிரிழந்தார்கள்.

அப்படியானால் எங்கே நிற்பது? பாதைக்கு மேலே, சரிவில். பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தண்டவாள மட்டத்தில் நின்றால் எஞ்சினின் முகம் மாத்திரமே கிடைக்கும். மலை அதன் பின்னால் மறைந்துவிடும். ஐம்பது அடி மேலே ஏறினால் பாதை வளைவதும், பெட்டிகள் அதில் படிவதும், கீழே பள்ளத்தாக்கு விழுவதும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். தெமோதரையில் இந்த முறைக்கு இரட்டைப் பலன் உண்டு. பதுளை நோக்கிப் புறப்படும் ரயில் வட்டமடித்து இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையால் செல்கிறது. முதல் படம் பிழைத்தாலும், சில நிமிடங்களில் அதே ரயில் கீழே மீண்டும் அகப்படும்.

சாய்வைப் படத்தில் காட்டுவது நினைப்பதைவிடக் கடினம். இந்தப் பாதையின் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓரடி. கோணத்தில் பார்த்தால் அது ஒன்றேகால் பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் கை கமராவைத் தண்டவாளத்துக்கு இணையாகப் பிடிக்கப் பார்க்கும். உடனே ரயில் சமதரையில் ஓடுவதாகவும் மரங்கள் சரிந்து விழுவதாகவும் தோன்றும். எனவே ரயிலை நம்பாதீர்கள். நிலையக் கட்டடத்தின் மூலை, விளக்குக் கம்பம், நிமிர்ந்து வளர்ந்த ஒரு சவுக்கு, இவற்றில் ஏதாவது ஒன்றைப் படத்தின் ஓரத்தோடு நேராக்குங்கள். இறக்கம் தானே தெரியவரும். தொலைவில் நின்று, தூரத்தை நெருக்கிக் காட்டும் நீண்ட வில்லையால் எடுத்தால் சாய்வு இன்னும் கூடுதலாகத் தெரியும். அகன்ற வில்லை மலையைக் குட்டையாக்கிவிடும்.

பனிமூட்டம் பலரை ஏமாற்றும். கமரா வெண்மையைக் கண்டு வெளிச்சம் அதிகமென்று எண்ணிப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். ஒரு படி வெளிச்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒஹியப் பக்கச் சுரங்கத்தின் இரு புறமும் வேறு வேறு வானம் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குப் பக்கம் மழையில் நனைய, ஊவாப் பக்கம் காய்ந்து காற்று வீசும். இதல்கஸ்ஹின்னவிலும் ஹப்புத்தளையிலும் காலையில் தெளிவாகத் தெரியும் தாழ்நிலம், வெயில் ஏறியபின் மூட்டத்தால் மூடிக்கொள்வது வழக்கம். ஆகவே விடியற்காலையே நல்லது.

சரிவில் நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. அது பெரும்பாலும் யாரோ வேலை செய்யும் தேயிலை மலை. கான்களின் விளிம்பை மிதித்து உடைத்தால் அடுத்த மழைக்கு மண் கரையும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சரித்துப் போட்டதைக் கண்ட பிறகும் இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது இந்தப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆகையால் புறப்படுமுன் எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணை ரயிலுக்கு முன்னால் ஓர் அலங்காரப் பொருளாக நிறுத்திப் படம் பிடிப்பது இன்று பெருகிவிட்டது. கேட்காமலே எடுக்கிறார்கள். அவரது நாள் சம்பளம் பறிக்கும் கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. நிறுத்திவைக்கும் பத்து நிமிடமும் அவருடைய கணக்கில்தான் விழும். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார். வேண்டாம் என்றால், ரயில் எப்படியும் வரத்தான் போகிறது; அதை எடுங்கள்.