பெட்டி ஒன்று, சாவி பல!



நம்ம ஊர் அண்ணன்கள் வேலைக்குப் போற ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனின்னு வைங்க. ஆர்டர் கேட்டு வர்ற மின்னஞ்சலை நாலு பேர் பார்க்கணும். என்ன செய்வாங்க? பாஸ்வேர்டை நாலு பேருக்கும் சொல்லிடுவாங்க. இது ஆபத்து! ஒரு கடிதம் காணாம போனா யார் அழிச்சதுன்னு தெரியாது. ஒருத்தர் வேலையை விட்டுப் போனாலும் பாஸ்வேர்டு அவர்கூடவே போகும்.

இதற்கு வழி பொது ஃபோல்டர். 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் ஐமேப் என்ற முறையை உருவாக்கினார். இதில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். ஒரே ஃபோல்டரைப் பலரும் அவரவர் பாஸ்வேர்டில் திறக்கலாம். யாருக்கு என்ன அனுமதி என்பதை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். 2005-ல் திருத்திய விதிப்படி முக்கியமானவை:

எல் – ஃபோல்டர் பட்டியலில் தெரியும்
ஆர் – படிக்கலாம்
ஐ – கடிதம் சேர்க்கலாம்
டி – அழிக்க வேண்டியது என்று குறி போடலாம்
இ – குறி போட்டதை அடியோடு நீக்கலாம்
ஏ – மற்றவருக்கு அனுமதி தரலாம், பறிக்கலாம்

நம்ம சுவரிதழையே எடுத்துக்கோங்க. நமக்கெல்லாம் எல், ஆர். ஒட்டும் மாணவர்களுக்குக் கூடவே ஐ. பழைய தாளைக் கிழிக்கிறவருக்கு டி, இ. யார் ஒட்டணும்னு சொல்ற ஆசிரியருக்கு ஏ. எல்லாருக்கும் டி, இ கொடுத்தா சுவர்ல ஒரு தாளாவது மிஞ்சுமா?

அதனால் வேலைக்குத் தேவையான எழுத்தை மட்டும் கொடுக்கணும். விலகினவர் பெயரை அன்றைக்கே எடுத்துடணும்.

நினைவில் கொள்வோம்: ஃபோல்டரைப் பகிரலாம், பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது!