ஆங்கிலத்தில் ஒலிக்கும் பாக்

யோகான் செபஸ்தியான் பாக் இயற்றிய 'மத்தேயுவின்படி திருப்பாடுகள்' 1727ஆம் ஆண்டிலே லைப்சிக் நகரத் தேவாலயத்தில் ஜேர்மன் மொழியிற் பாடப்பெற்றது. 'ஒறட்டோரியோ' எனப்படும், நடிப்பின்றிப் பாடும் சமய இசைக்காவிய வகையைச் சார்ந்தது இது. 1947-48இல் றெஜினோல்ட் ஜேக்ஸ் நடத்த, இலண்டன் பாக் பாடகர் குழுவினர் அதனை ஆங்கிலத்திற் பாடினர். டெக்கா நிறுவனத்தார் இசைத்தட்டிற் பதிந்தனர். ஜேர்மன் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பதிவை அண்மையிற் கேட்டோம்.

கதை கூறும் பகுதிகளிலேதான் மொழிபெயர்ப்பு இடறுகின்றது. இராப்போசனத்தின்போது, காட்டிக்கொடுப்பவன் தானோ என்று சீடர்கள் பதறுகின்றனர். அவ்வினாவைப் பாக் 11 முறை எழுப்புகிறார். பன்னிரண்டாமவனாகிய யூதாஸ் அப்பொழுது வாய்திறவான். (என்ன நுட்பம்!) ஜேர்மனில் அவ்வினா மூன்றே அசை, ஆங்கில வேதாகமத்திலோ நான்கு. வசனத்தை மாற்ற மனமின்றிச் சுரத்தைப் பிளந்து அதற்கு இடந்தேடியிருக்கின்றனர். பேதுரு மனங்கசந்து அழும் இடத்தில் நிலைமை மறுதலை. 'அழுதான்' எனப் பொருள்படும் ஜேர்மன் வினை, நம் தமிழ்ச் சொல்லைப் போலவே, மூன்று அசை கொண்டது. பாக் நீட்டி வளைத்த இசைக்கு ஆங்கிலத்தின் ஓரசைச் சொல் போதவில்லை.

ஆனால் அடுத்து வரும் கானத்தைக் கேளுங்கள்! இரங்குமாறு வேண்டும் ஜேர்மன் சொல்லின் நடு அசையில் அழுத்தம் விழும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான இரு சொற்களும் அதே எடையில் அமைந்துவிட்டன. தனி வயலின் முன்னே செல்ல, கத்லீன் ஃபெரியர் பாடுகிறார். இளமையில் தொலைபேசி நிலையத்திற் பணிபுரிந்து, 1953இல் தமது 41ஆம் வயதிலே மறைந்த அம்மையாரின் ஆழ்ந்த குரல் அது. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கானத்தை ஒப்பாரியாக்கவும் இல்லை. இது மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே எமக்கு எழவில்லை.

குழுவினரின் பாட்டு இக்காலச் செவிக்குச் சற்றே கனமானது; நடையும் மந்தம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூலமொழியிலன்றிக் கேட்பதே பிழை என்று சாதிப்போருடன் நாம் உடன்படோம். பாக், லைப்சிக் மக்களுக்கு விளங்கிய மொழியிலன்றோ இசை வகுத்தார்! ஆங்கிலம் அறிந்த மாணவர் முதலில் இப்பதிவைக் கேட்டுக் கதையிற் பழகுக. பின்னர் ஜேர்மன் பதிவுக்குச் செல்க.

சிலுவையில் இயேசு எழுப்பும் இறுதிக் கூக்குரலை மட்டும் ஜேர்மன் வேதாகமமும் ஆங்கில வேதாகமமும் முதலில் மொழிபெயர்க்காமலே தருகின்றன. அதுவரை அவர் சொற்களைச் சூழ்ந்து ஒலித்த நரம்புக் கருவிகளைப் பாக் அவ்விடத்தில் மௌனமாக்கி விடுகிறார்.