தன் கையே தனக்கு உதவி – 11: சாப்பாட்டு மேசையை எரித்தவர்

லீட்ஸ் நகரத்து இளைஞர்கள் பழைய காலரா ஆஸ்பத்திரிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்ததும், சாமுவேல் ஸ்மைல்ஸ் அங்கே போய்ப் பேசியதும் போன வாரக் கதை. ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கிய வ.உ.சி. அதற்கும் முந்தைய வாரம். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் குடும்பம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 1859-இல் வெளிவந்த ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ புத்தகத்தில் மனைவி மக்கள் எங்கே வருகிறார்கள் என்று புரட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் அத்தியாயத்தில், வீட்டுச் சாமான்கள் சூளைக்குள் போகும் இடத்தில் வந்தார்கள். அதோடு என் மற்ற திட்டமெல்லாம் போயிற்று. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை பெர்னார் பலிஸியை விட்டு நகர மறுக்கிறது.

பலிஸி பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். ஊர், தென்மேற்குப் பிரான்சில் சாந்த். தொழில், கண்ணாடியில் சித்திரம் எழுதுவது. கொஞ்சம் நில அளவையும் தெரியும். ஒருநாள் யாரோ அவரிடம் பளபளவென்று மெருகு பூசிய ஒரு மண் கிண்ணத்தைக் காட்டினார்கள். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அந்த மெருகின் ரகசியத்தை, முதலில் வெள்ளை மெருகை, கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். களிமண்ணைப் பற்றி அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. சட்டிகளை வாங்குவார், உடைப்பார், ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு பொடியைப் பூசிச் சூளையில் வைப்பார். ஒன்றும் உருகாது. மறுபடி வாங்குவார், உடைப்பார். வருஷங்கள் ஓடின. நடுவில் உப்பு வரி போடுவதற்காக அரசாங்கம் அந்தப் பக்கத்து உப்பளங்களை அளக்கச் சொன்னபோது அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. கையில் நாலு காசு சேர்ந்தது. அது எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் வீட்டோடு சேர்த்துத் தானே ஒரு சூளை கட்டினார். செங்கல்லைத் தன் முதுகிலேயே சுமந்துவந்து கட்டியது. ஆறு பகல், ஆறு இரவு விடாமல் எரித்தார். மெருகு உருகவில்லை. கலவை சரியில்லை என்று புதிதாக அரைத்து, புதுச் சட்டிகளில் பூசி, மறுபடி ஏற்றினார். இந்தத் தடவை விறகு தீர்ந்துவிட்டது. நெருப்பு அணைந்தால் பட்டதெல்லாம் வீண். தோட்டத்தில் நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கி உள்ளே போட்டார். போதவில்லை. வீட்டுக்குள் போனார். மேசைகள் சூளைக்குள் போயின. அதுவும் போதாமல், தரையில் பாவியிருந்த பலகைகளைப் பெயர்த்துப் போட்டார்.

உருகியது. ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷப் பாடு பாக்கி இருந்தது. அவர் செய்த தட்டுகளில் பாம்பும் பல்லியும் மீனும் நிஜம்போல நெளியும். சில இன்றும் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் ராணி கேத்தரின் தன் தோட்டத்தில் செயற்கைக் குகை அமைக்க அவரைக் கூப்பிட்டார். அவரோ சீர்திருத்தக் கிறிஸ்தவர். அந்த மதத்தை விட மறுத்ததால், எண்பது வயதை ஒட்டி, பாஸ்டில் சிறையில் இறந்தார்.

இந்த வாரம் எனக்குக் கிடைத்த புதையல் இனிமேல்தான். மரச்சாமான் எரிந்த கதையைப் பலிஸியே 1580-இல் எழுதிவைத்திருக்கிறார். ஸ்மைல்ஸ் எழுதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்மைல்ஸின் கதையில், பெண்டாட்டி பிள்ளைகள் அலறிக்கொண்டு தெருவில் ஓடி, வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டுகிறார்கள். பலிஸி அப்படி எழுதவில்லை. தனக்குக் கைகொடுக்க வேண்டியவர்களே தரையை எரிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள் என்று மட்டும் பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்கிறார். கள்ளக் காசு அடிக்கிறான் என்றுகூட ஊரில் பேச்சு இருந்ததாம். வீட்டுக்காரியை மேடைக்கு இழுத்து வந்தவர் ஸ்மைல்ஸ். கதாநாயகனின் வைராக்கியம் எடுப்பாகத் தெரிய எதிரில் ஒரு அழுகை வேண்டியிருந்தது போலும்.

அதே பலிஸி வேறு கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறார். கைக்குழந்தைகள் இரண்டு எப்போதும் பாலூட்டும் செவிலியிடம் இருந்தன, செவிலிக்குக் கூலி கொடுக்க வழியில்லை. உதவிக்கு வைத்திருந்த குயவருக்குச் சம்பளம் பாக்கி; போட்டிருந்த துணிமணிகளைக் கழற்றிக் கொடுத்தார். இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாள் வீட்டை நடத்தியிருக்கிறாள். தரைப்பலகை பெயரும்போது அவள் தெருவுக்கு ஓடியே இருந்தாலும், அவளைப் பைத்தியத்தைப் புரிந்துகொள்ளாதவள் என்று எந்தக் கல்நெஞ்சன் சொல்வான்? நானாக இருந்தால் கோடரியைத்தான் முதலில் ஒளித்துவைத்திருப்பேன்.

நம் ஊர் வெற்றிப் பேட்டிகளில் மேசைக்குப் பதில் நகை. ‘மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் ஆரம்பித்தேன்’ என்று ஒரு வரி வரும். அடுத்த வரியில் தொழிற்சாலை வந்துவிடும். எங்கள் பெரியப்பா அச்சகம் தொடங்கியதும் அப்படித்தான், பெரியம்மாவின் காசுமாலையை வைத்து. சரஸ்வதி பூஜை அன்று மிஷினுக்குப் பொட்டு வைத்ததும் தம் உழைப்பின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். “எப்படியெல்லாம் கஷ்டப்பட்டேன் தெரியுமாடா?” உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வரும்: “ரசீது இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு. மீட்டுட்டு வந்து சொல்லச் சொல்லு.” சுண்டல் விநியோகம் அதோடு ஆரம்பமாகிவிடும்.

ஸ்மைல்ஸ் ஒன்றும் வீடு வாசல் அறியாதவர் அல்ல. ஸ்காட்லாந்தில் ஹாடிங்டன் என்கிற சிற்றூரில் 1812-இல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1832-இல், காலராவில் அப்பா போய்விட்டார். வீடு நிறையப் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிப் பிழைப்பைப் பார்க்க வேண்டிய நிலை. அம்மா விடவில்லை. கடையைத் தானே ஏற்று நடத்தி, மகனைப் படிப்பை முடிக்கவைத்தார். பதின்மூன்று வருஷம் கழித்து அந்த மகன், காலரா நோயாளிகள் கிடந்த அறையில் நின்று, அவனவன் உயர்வு அவனவன் கையில் என்று நெசவாலை நகரத்துப் பையன்களிடம் பேசினார். அப்போது கடையில் நின்ற அம்மா நினைவுக்கு வந்திருக்க மாட்டாரா? ‘செல்ஃப் ஹெல்ப்’பில் நீராவி எஞ்சின்காரருக்கும் குயவருக்கும் கிடைத்த இடம் அந்தக் கடைக்காரம்மாளுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1871-இல் ‘கேரக்டர்’ என்ற புத்தகத்தில், வீட்டுக்கு ஒரு அத்தியாயம், கல்யாணத்துக்கு ஒரு அத்தியாயம் என்று ஒதுக்கி, தாய்மார்களைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். பாக்கியைத் தீர்த்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உலகம் வாங்கிப் படித்தது முந்தைய புத்தகத்தைத்தான்.

அதே 1871-இல் ஜப்பானில் நாகமுரா மசனாவோ என்ற அறிஞர் ‘செல்ஃப் ஹெல்ப்’பை மொழிபெயர்த்து வெளியிட்டார். அங்கே பிய்த்துக்கொண்டு விற்றது. படித்தவர்களில் ஒருவர் தச்சர் மகன் சகிச்சி டொயோடா. அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்துத் தறியைத் திருத்த உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். 1894-இல் மகன் பிறந்த கொஞ்ச நாளில், தறியே கதியென்று கிடந்த புருஷனை விட்டு, குழந்தையை வைத்துவிட்டு, அவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குழந்தை கீச்சிரோதான் பின்னால் கார் கம்பெனியை உண்டாக்கியவர்.

இந்தத் தறிக் கதையை இந்த வாரமே விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பலிஸி இடத்தை அடைத்துவிட்டார். அடுத்த வாரம் அலுவலகத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் ஏற்பாடு. முதலில் தறி, இடமிருந்தால் அலுவலகம்.